ஹி, ஷி, இட், தே: ஆங்கிலத்தில் தடுமாறாமல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

“மை மதர் இஸ் எ டீச்சர். தே வொர்க் இன் எ கவர்ன்மென்ட் ஸ்கூல்.”

“ஐ பாட் டென் மேங்கோஸ், பட் இட் வாஸ் ராட்டன்.”

இப்படி எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சொற்கள் சரி, காலம் சரி. அம்மாவை ‘தே’ என்றதும், பத்து மாம்பழத்தை ‘இட்’ என்றதும்தான் பிசகு. இது எங்கிருந்து வருகிறது? வீட்டில் “அம்மா டீச்சர், அவங்க கவர்ன்மென்ட் ஸ்கூல்ல வேலை பாக்குறாங்க” என்கிறோம். “பத்து மாம்பழம் வாங்கினேன், அழுகிப் போச்சு” என்கிறோம். தமிழில் இரண்டுமே குறை சொல்ல முடியாத பேச்சு. அதே பழக்கம் ஆங்கிலத்துக்குள் கூடவே வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இலக்கணப் புத்தகங்கள் இந்த விதிகளைப் பட்டியல் போட்டுத் தருகின்றன. தமிழ் பேசுகிறவர் எந்த இடத்தில் சறுக்குவார் என்று அவை பார்ப்பதில்லை. அதனால் ஐம்பது விதியை மனப்பாடம் செய்தவரும் கடிதம் எழுத உட்கார்ந்தால் அம்மாவை ‘தே’ என்றே எழுதுகிறார். நான் நம் சறுக்கல்களிலிருந்தே தொடங்குகிறேன். வழக்கமான விதிகள் அவற்றின் பின்னால் வரும்.

எதில் ஒத்துப்போக வேண்டும்?

ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல், அதற்குப் பதிலாக வைக்கும் சொல் ப்ரோநவுன். அது எந்தப் பெயருக்குப் பதிலாக வந்ததோ, அந்தப் பெயரை ஆங்கில இலக்கணத்தில் ஆன்டிசீடன்ட் என்பார்கள். இந்தக் கட்டுரையில் அதை மூலப்பெயர் என்றே அழைக்கிறேன். “மீனா லாஸ்ட் ஹெர் பர்ஸ்” என்றால் ‘ஹெர்’ ப்ரோநவுன், ‘மீனா’ மூலப்பெயர்.

இரண்டும் மூன்று விஷயங்களில் ஒத்துப்போக வேண்டும்: எண், பால், இடம். ஒருமைக்கு ஒருமை, பன்மைக்குப் பன்மை. ஆணுக்கு ‘ஹி’, பெண்ணுக்கு ‘ஷி’, பொருளுக்கு ‘இட்’. படர்க்கையில் தொடங்கினால் முடியும்வரை படர்க்கை.

தமிழில் இந்த வேலையைப் பெரும்பாலும் வினைச்சொல்லே செய்துவிடுகிறது. “நேற்று ஊருக்குப் போனாள்” என்றாலே போனது ஒருத்தி, பெண், படர்க்கை என்று எல்லாம் தெரிந்துவிடும். ‘அவள்’ என்று தனியாகச் சொல்லத் தேவையே இல்லை. ஆங்கிலத்தில் ‘வென்ட்’ என்ற வினை போனது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று எதையும் சொல்லாது. முழுச் சுமையும் முன்னால் நிற்கும் ‘ஷி’ மேல் விழுகிறது. அதைத் தவறாகப் போட்டால் பிழையை ஈடுகட்ட வாக்கியத்தில் வேறு சொல் கிடையாது. ஆங்கிலத்தில் இந்தச் சின்னச் சொற்களுக்கு இவ்வளவு கவனம் கேட்பது அதனால்தான்.

படி 1: மூலப்பெயரின் மேல் விரலை வையுங்கள்

‘ஹி’, ‘ஷி’, ‘இட்’, ‘தே’, ‘ஹிஸ்’, ‘ஹெர்’, ‘இட்ஸ்’, ‘தெயர்’ எதை எழுதினாலும் உடனே கேட்க வேண்டிய கேள்வி: இது யாரை, எதைச் சொல்கிறது? பதிலாக ஒரே ஒரு சொல்லைத் தொட்டுக் காட்ட முடிய வேண்டும்.

தொட்டுக் காட்டச் சொன்னால் பலரும் ப்ரோநவுனுக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைத் தொடுவார்கள். அங்கேதான் முதல் பொறி. “தி லிஸ்ட் ஆஃப் செலக்டட் கேண்டிடேட்ஸ் இஸ் ரெடி, தே வில் பி பப்ளிஷ்ட் டுமாரோ” என்று எழுதினால் நாளை வெளியாகப்போவது தேர்வானவர்களா, பட்டியலா? பட்டியல்தான். ‘ஆஃப் செலக்டட் கேண்டிடேட்ஸ்’ என்பது எந்தப் பட்டியல் என்று சொல்ல வந்த ஒட்டு. அதை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள்: “தி லிஸ்ட் இஸ் ரெடி, இட் வில் பி பப்ளிஷ்ட் டுமாரோ.”

‘அலாங் வித்’, ‘ஆஸ் வெல் ஆஸ்’, ‘டுகெதர் வித்’ என்று தொடங்கும் ஒட்டுகளும் இதே இனம். “தி ஹெட்மாஸ்டர், அலாங் வித் தி டீச்சர்ஸ், ஹாஸ் கிவன் ஹிஸ் கன்சென்ட்.” ஆசிரியர்கள் கூட இருந்தாலும் மூலப்பெயர் தலைமை ஆசிரியர் ஒருவரே. எல்லோரும் சேர்ந்து ஒப்புதல் தந்தார்கள் என்பதுதான் நீங்கள் சொல்ல வந்தது என்றால் ‘அலாங் வித்’தை எடுத்துவிட்டு ‘அண்ட்’ போடுங்கள். அப்போது ‘தெயர்’ சரி.

சில சமயம் தொட்டுக் காட்ட எதுவுமே இருக்காது. “பேப்பர்ல போட்டிருக்காங்க” என்பதை அப்படியே “இன் தி நியூஸ்பேப்பர் தே ஹேவ் கிவன் தட் ஸ்கூல்ஸ் ஆர் க்ளோஸ்ட்” என்று எழுதுவோம். ‘தே’ யார்? தமிழில் ஆளைச் சொல்லாமல் ‘-ங்க’ விகுதியோடு விட்டுவிடலாம். எழுத்து ஆங்கிலத்தில் அந்த ‘தே’ அந்தரத்தில் தொங்கும். “தி நியூஸ்பேப்பர் ரிப்போர்ட்ஸ் தட் ஸ்கூல்ஸ் ஆர் க்ளோஸ்ட்” என்று எழுதினால் ப்ரோநவுனே தேவையில்லை.

படி 2: மரியாதையைப் பன்மையில் காட்டாதீர்கள்

தமிழர்கள் செய்யும் பிழைகளில் முதலிடம் இதற்குத்தான். அப்பா, அம்மா, ஆசிரியை, மேலாளர், டாக்டர் என்று மரியாதைக்குரிய ஒருவரைப் பற்றிப் பேசும்போது ‘அவர்’, ‘அவங்க’ என்று வடிவத்தில் பன்மைக்கு நகர்கிறோம். ஆங்கிலப் படர்க்கையில் மரியாதைக்கென்று தனி வடிவம் இல்லை. குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவைப் பற்றி எழுதினாலும் “தி பிரசிடென்ட் பிகன் ஹெர் ஸ்பீச்” என்றுதான் எழுதுவார்கள். அதில் அவமரியாதை துளியும் இல்லை. மரியாதையை ‘மிஸ்டர்’, ‘டாக்டர்’, ‘மேடம்’ போன்ற சொற்களும் வாக்கியத்தின் தொனியும் பார்த்துக்கொள்ளும்.

“மை மதர் இஸ் எ டீச்சர். ஷி வொர்க்ஸ் இன் எ கவர்ன்மென்ட் ஸ்கூல்.” ‘தே’ ‘ஷி’ ஆனதும் ‘வொர்க்’ ‘வொர்க்ஸ்’ ஆனதைக் கவனியுங்கள். ப்ரோநவுனைத் திருத்தினால் வினையையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும்.

மொழிபெயர்க்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். “அமைச்சர் நேற்று மதுரை வந்தார். அவர் கூறியதாவது” என்ற செய்தியில் அமைச்சர் ஆணா பெண்ணா என்று தமிழ் சொல்லவில்லை, ‘அவர்’ இருவருக்கும் பொது. ஆங்கிலத்தில் எழுத ‘ஹி’யா ‘ஷி’யா என்று தெரிந்தாக வேண்டும். கையோடு வரும் ‘ஹி’யைப் போட்டுவிடாமல் விசாரித்து எழுதுங்கள். செய்தி அறையிலும் அலுவலகத்திலும் இது வெறும் இலக்கண விஷயம் கிடையாது. ஓர் ஆளைப் பற்றித் தவறான தகவல் தருவதாகும்.

படி 3: ‘ஹிஸ்’ஸும் ‘ஹெர்’ரும் உடைமையாளரைப் பார்க்கும்

“ரவி லவ்ஸ் ஹெர் மதர்” என்று எழுதுகிறவரின் மனதில் ‘மதர்’ என்ற பெண்பால் சொல் ‘ஹெர்’ரை இழுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஹிஸ்’, ‘ஹெர்’ இரண்டும் அடுத்து வரும் சொல்லைப் பார்ப்பதே இல்லை. யாருடையது என்பதை மட்டும் பார்க்கும். அம்மா ரவியுடையவர், ரவி ஆண், ஆகவே “ரவி லவ்ஸ் ஹிஸ் மதர்.” மீனாவின் அண்ணன் என்றால் ‘ஹெர் பிரதர்’.

இந்தக் குழப்பத்துக்கும் காரணம் வீட்டிலேயே இருக்கிறது. “ரவி தன் அம்மாவிடம் பேசினான்”, “மீனா தன் அப்பாவிடம் பேசினாள்” என்று தமிழில் இருவருக்கும் ஒரே ‘தன்’ போதும். பேச்சில் அதுவும் வேண்டாம்: “ரவி அம்மாகிட்ட பேசினான்.” ஆக, உடைமையாளரின் பாலைப் பார்த்துச் சொல் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நமக்கு அந்த இடத்தில் அமையவே இல்லை. புதிதாகத்தான் பழக வேண்டும். ‘ஹிஸ்’ அல்லது ‘ஹெர்’ எழுதும்போதெல்லாம் “யாருடைய?” என்று மனதுக்குள் கேளுங்கள். வரும் பதில் ஆணா பெண்ணா என்பதே விடை.

‘இட்’ எங்கே வரும் என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். குழந்தை என்றால் தமிழில் “குழந்தை அழுகிறது” என்போம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்திலும் ஆணா பெண்ணா என்று தெரியாத கைக்குழந்தையை ‘இட்’ என்பதுண்டு. தெரிந்தபின் அப்படிச் சொல்வது பெற்றோர் காதில் உறுத்தும். வளர்ப்பு நாய், பூனைக்கு வீட்டார் ‘ஹி’, ‘ஷி’ என்பார்கள். பொதுவாக விலங்குகளுக்கு ‘இட்’. கப்பலை ‘ஷி’ என்று அழைப்பது நீண்ட மரபு. கப்பல் துறையின் மிகப் பழைய பத்திரிகைகளில் ஒன்றான லாய்ட்ஸ் லிஸ்ட் 2002இல் அதைக் கைவிட்டு ‘இட்’டுக்கு மாறியது. நாட்டையும் இன்று உரைநடையில் ‘இட்’ என்று எழுதுவதே வழக்கம்.

படி 4: எண்ணிப் பாருங்கள், ஆங்கிலம் எண்ணுகிற மாதிரி

தமிழில் அஃறிணைக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. பத்து மாம்பழம், நாலு புத்தகம், மூணு பஸ் என்கிறோம். பின்னால் வருவதும் ‘அது’தான்: “நாலு புத்தகம் வாங்கினேன், அது எங்கேன்னு தெரியல.” ஆங்கிலத்தில் ஒன்றைத் தாண்டினால் ‘தே’, ‘தெம்’, ‘தெயர்’. “ஐ பாட் டென் மேங்கோஸ், பட் தே வேர் ராட்டன்.” ‘தே’ என்பதை ‘அவர்கள்’ என்று மட்டும் படித்து வளர்ந்ததால் மாம்பழத்துக்கு அதைச் சொல்லக் கூசுகிறது. ‘அவை’யும் ‘தே’தான். உயர்திணை, அஃறிணைப் பிரிவினை ஆங்கிலப் பன்மையில் கிடையாது.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. நாம் பன்மையாக எண்ணும் சிலவற்றை ஆங்கிலம் எண்ணவே மறுக்கும்: இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், அட்வைஸ், நியூஸ், எக்யூப்மென்ட். வீட்டில் எத்தனை நாற்காலி, மேசை, கட்டில் இருந்தாலும் ஃபர்னிச்சர் ஒருமை. “தி ஃபர்னிச்சர் இஸ் ஓல்டு, வி ஆர் கோயிங் டு செல் இட்.” எண்ணித்தான் சொல்ல வேண்டும் என்றால் ‘பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’ என்று எழுதுங்கள், பிறகு ‘தெம்’ போடலாம்.

ஒரே பொருளாக நம் கையில் இருந்தும் ஆங்கிலம் பன்மையாகப் பார்ப்பவை இன்னொரு கூட்டம்: சிஸர்ஸ், ட்ரவுசர்ஸ், ஸ்பெக்டகிள்ஸ். கத்தரிக்கோல் ஒன்றுதான், ஆனாலும் “வேர் ஆர் தி சிஸர்ஸ்? ஐ நீட் தெம்.” முன்னால் ‘எ பேர் ஆஃப்’ சேர்ந்தால் வினை ஒருமைக்குத் திரும்பும்.

படி 5: இரண்டு மூலப்பெயர் இருந்தால்

‘அண்ட்’ சேர்த்தால் பன்மை. “ரவி அண்ட் மீனா சோல்டு தெயர் ஹவுஸ்.” இதில் முக்கியமான விலக்கு இரண்டு. இருவர் போல ஒலித்தாலும் ஆள் ஒருவரே என்றால் ஒருமை. அதைக் காட்டிக் கொடுப்பது ‘தி’. “தி செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர் ஹாஸ் சைன்ட் ஹிஸ் நேம்” என்றால் இரண்டு பதவியும் ஒருவரிடம். “தி செக்ரட்டரி அண்ட் தி ட்ரெஷரர் ஹேவ் சைன்ட் தெயர் நேம்ஸ்” என்றால் இரண்டு பேர். ஒரே ஒரு ‘தி’ ஆள் கணக்கையே மாற்றிவிடுகிறது. போட்டித் தேர்வு வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். இரண்டாவது விலக்கு, ‘ஈச்’ அல்லது ‘எவ்ரி’ முன்னால் வந்தால்: “எவ்ரி பஸ் அண்ட் லாரி மஸ்ட் ஹேவ் இட்ஸ் நம்பர் பிளேட்.”

‘ஆர்’, ‘ஐதர்–ஆர்’, ‘நைதர்–நார்’ வந்தால் இருவரையும் கூட்டக்கூடாது. இருவரும் ஒருமை, ஒரே பால் என்றால் ஒருமை: “ஐதர் ரவி ஆர் குமார் ஹாஸ் லெஃப்ட் ஹிஸ் அம்ப்ரெல்லா.” ஒருமையும் பன்மையும் கலந்தால் பக்கத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும்: “நைதர் தி பிரின்சிபால் நார் தி டீச்சர்ஸ் ஹேவ் கிவன் தெயர் கன்சென்ட்.” இதையே மாற்றி பிரின்சிபாலைக் கடைசியில் வைத்தால் விதிப்படி ‘ஹிஸ்’ வரும், படிப்பவருக்கோ ஆசிரியர்களின் ஒப்புதல் எங்கே போனது என்று குழப்பமாக இருக்கும். பன்மையை எப்போதும் கடைசியில் வையுங்கள். “நைதர் ரவி நார் மீனா” என்று ஆணும் பெண்ணும் கலந்தால் ‘ஹிஸ் ஆர் ஹெர்’ என்று இழுக்காமல், “ரவி அண்ட் மீனா ஹேவ் நாட் பெய்ட் தெயர் ஃபீஸ்” என்று வாக்கியத்தையே திருப்பிவிடுவது மேல்.

படி 6: ‘எவ்ரிபடி’, ‘எவ்ரிஒன்’, ‘ஈச்’

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. ஆங்கிலம் தாய்மொழியானவர்களே இங்கே நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள்.

எவ்ரிபடி, எவ்ரிஒன், எனிபடி, சம்ஒன், நோபடி, ஈச், ஐதர், நைதர் எல்லாம் இலக்கணப்படி ஒருமை. தமிழில் ‘எல்லோரும் வந்தார்கள்’ என்று பன்மையில் முடிக்கிற நமக்கு “எவ்ரிபடி ஹாஸ் கம்” என்பதே முதலில் ஒட்டாது. வினையில் சந்தேகம் வேண்டாம், அது ஒருமைதான். கேள்வி ப்ரோநவுனில். “எவ்ரிஒன் ஹாஸ் ப்ராட்” என்று எழுதிவிட்டு அடுத்து ‘ஹிஸ் புக்’கா, ‘ஹிஸ் ஆர் ஹெர் புக்’கா, ‘தெயர் புக்’கா?

ஒருவரைக் குறிக்க ‘தே’, ‘தெயர்’ போடுவது புது நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது 14ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இலக்கணம் எழுதியவர்கள்தான் எண் பொருந்தவில்லை என்று அதைப் பிழையாக்கி, இரு பாலுக்கும் ‘ஹி’ போதும் என்ற வழக்கை வலுப்படுத்தினார்கள். சட்டமும் அந்த வழியில் போயிற்று. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் தன் 8ஆம் பிரிவில், ‘ஹி’ என்ற சொல்லும் அதன் பிற வடிவங்களும் ஆண், பெண் எவரையும் குறிக்கும் என்றது. 1897இன் பொது விதிகள் சட்டம், 13ஆம் பிரிவில், ஆண்பால் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்றது. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் ‘ஹி’யைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் அது ஆண், பெண், திருநர் எவரையும் குறிக்கும் என்று வரையறையை விரித்திருக்கிறது. சட்ட ஆவணம் வாசிக்கும்போது அங்குள்ள ‘ஹி’யை ‘அவன்’ என்று குறுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சட்டத்துக்கு வெளியே காற்று திசை மாறிவிட்டது. செய்தி எழுத்துக்கு அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஏபி நடைக் கையேடு 2017இல் குறிப்பிட்ட இடங்களில் ஒருமை ‘தே’யை அனுமதித்தது. ஆய்வுக் கட்டுரைகளுக்கான ஏபிஏ கையேட்டின் ஏழாம் பதிப்பு 2019இல் அதை வெளிப்படையாகப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ‘தே’யை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது. ஆண், பெண் என்ற இரண்டிலும் தன்னை அடக்காத ஒருவர் தன்னை ‘தே’ என்று குறிப்பிடும்படி கேட்டால், அப்படியே எழுதுவதுதான் இன்றைய வழக்கமும் பண்பும். ஒருவரைக் குறித்தாலும் ‘தே’க்குப் பின்னால் ‘ஆர்’, ‘ஹேவ்’ என்ற வினைகளே வரும். ‘தே இஸ்’ கிடையாது.

அப்படியானால் நீங்கள் எதை எழுதுவது? எங்கே எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. போட்டித் தேர்வில் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வினாக்கள் பெரும்பாலும் பழைய மரபிலேயே நிற்கின்றன. “எவ்ரி ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஹாஸ் டன் தெயர் ஹோம்வொர்க்” என்று கொடுத்தால் பிழை ‘தெயர்’ரில் என்று குறியுங்கள், ‘ஹிஸ்’ விடை. மதிப்பெண் வாங்கும் இடத்தில் வாதாட வேண்டாம். மின்னஞ்சல், அறிவிப்பு, கட்டுரை என்று மனிதர்களுக்கு எழுதும்போது ‘எவ்ரிஒன்... தெயர்’ என்று தயங்காமல் எழுதலாம். பாதிப் பேர் பெண்களாக இருக்கும் அலுவலகத்துக்கு “எவ்ரி எம்ப்ளாயி மஸ்ட் சப்மிட் ஹிஸ் ஃபார்ம்” என்று சுற்றறிக்கை அனுப்புவதை என்னால் இனி ஏற்க முடியவில்லை.

இரண்டு பக்கமும் யாரும் குறை சொல்லாத வழி ஒன்று உண்டு: மூலப்பெயரையே பன்மையாக்கிவிடுவது. “ஆல் எம்ப்ளாயீஸ் மஸ்ட் சப்மிட் தெயர் ஃபார்ம்ஸ்.” தேர்வுத்தாள் திருத்துபவரும் ஏற்பார், படிப்பவரும் ஏற்பார். ப்ரோநவுனைத் தூக்கிவிட்டு “எவ்ரி எம்ப்ளாயி மஸ்ட் சப்மிட் தி ஃபார்ம்” என்றாலும் பொருள் குறையாது.

படி 7: ‘சம்’, ‘ஆல்’, ‘மோஸ்ட்’, ‘எனி’, ‘நன்’

இவை தாமாக ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. படி 1இல் மறைக்கச் சொன்ன ‘ஆஃப்’ ஒட்டை இங்கே மட்டும் திறந்து பாருங்கள். “சம் ஆஃப் தி மில்க் ஹாஸ் லாஸ்ட் இட்ஸ் டேஸ்ட்.” “சம் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ் ஹேவ் லாஸ்ட் தெயர் புக்ஸ்.” பால் எண்ண முடியாதது, மாணவர்கள் எண்ணக்கூடியவர்கள். ‘போத்’, ‘ஃபியூ’, ‘மெனி’, ‘செவரல்’ எப்போதும் பன்மை. ஆனால் ‘மெனி எ’ ஒருமை: “மெனி எ சோல்ஜர் ஹாஸ் லாஸ்ட் ஹிஸ் லைஃப்.” பேச்சில் யாரும் சொல்வதில்லை, தேர்வில் வரும்.

படி 8: கூட்டத்தைக் குறிக்கும் சொற்கள்

கமிட்டி, டீம், ஜூரி, ஃபேமிலி, கவர்ன்மென்ட். ஒரே அமைப்பாகச் செயல்பட்டால் ‘இட்’: “தி கமிட்டி ஹாஸ் சப்மிட்டட் இட்ஸ் ரிப்போர்ட்.” உறுப்பினர்கள் தனித்தனியாகப் பிரிந்து நின்றால் ‘தே’: “தி ஜூரி வேர் டிவைடட் இன் தெயர் ஒபினியன்ஸ்.” அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒருமையிலேயே நிற்பார்கள், பிரிட்டிஷ் வழக்கில் பன்மை தாராளமாக வரும். கிரிக்கெட் செய்திகளில் “இங்கிலாந்து ஹேவ் லாஸ்ட் தெயர் ஃபர்ஸ்ட் விக்கெட்” என்று படிப்பது அதனால்தான். நாட்டின் பெயர் அங்கே பதினொரு பேரைக் குறிக்கிறது. ‘போலீஸ்’ மட்டும் எங்கும் பன்மை: “தி போலீஸ் ஹேவ் பிகன் தெயர் என்கொயரி.”

எந்த வழக்கைப் பிடித்தாலும் வினையும் ப்ரோநவுனும் ஒரே பக்கம் நிற்கட்டும். “தி கமிட்டி ஹாஸ் சப்மிட்டட் தெயர் ரிப்போர்ட்” என்பதில் ‘ஹாஸ்’ ஒருமை என்கிறது, ‘தெயர்’ பன்மை என்கிறது. அலுவலகக் கோப்புகளில் மிக அதிகமாகக் கண்ணில் படுவது இந்தக் கலப்புதான்.

படி 9: இடம் மாறாதீர்கள்

“வென் எ ஸ்டூடன்ட் வொர்க்ஸ் ஹார்ட், யு வில் கெட் குட் மார்க்ஸ்.” மாணவனைப் பற்றித் தொடங்கி வாசகரிடம் முடிகிறது. பேச்சில் இது ஓடும், எழுத்தில் தட்டும். ‘ஸ்டூடன்ட்ஸ்... தே’ அல்லது ‘யு... யு’ என்று ஒன்றைப் பிடியுங்கள். ‘ஒன்’ என்று தொடங்கினால் பிரிட்டிஷ் மரபில் கடைசிவரை ‘ஒன்’, ‘ஒன்ஸ்’: “ஒன் மஸ்ட் டூ ஒன்ஸ் டியூட்டி.” அமெரிக்காவில் ‘ஹிஸ்’ஸுக்கு மாறுவதுண்டு. நம் தேர்வுகள் எதிர்பார்ப்பது பிரிட்டிஷ் வடிவம். மற்ற இடங்களில் ‘ஒன்’ விறைப்பாக ஒலிக்கும். ‘வி’யோ ‘யு’வோ போதும்.

படி 10: இரண்டு பேருக்குப் பொருந்தினால் பெயரையே சொல்லுங்கள்

“ரவி டோல்டு குமார் தட் ஹிஸ் ஃபாதர் ஹாட் கம்.” எண் சரி, பால் சரி, இடம் சரி. ஆனாலும் வந்தது யாருடைய அப்பா? தமிழில் “ரவி குமாரிடம் தன் அப்பா வந்திருப்பதாகச் சொன்னான்” என்றால் ரவியின் அப்பா. ‘தன்’ எழுவாயிடம் திரும்பிப் போகும். ‘அவன் அப்பா’ என்றால் குமாரின் அப்பா என்றே பெரும்பாலும் கொள்வோம். ஆங்கில ‘ஹிஸ்’ஸுக்கு இந்த வசதி இல்லை. ஆகவே தமிழில் தெளிவாக நினைத்ததை ஆங்கிலத்தில் எழுதும்போது நமக்கே தெரியாமல் தெளிவு கழன்றுவிடும். “ரவி சேட் டு குமார், யுவர் ஃபாதர் ஹாஸ் கம்” என்று நேர்கூற்றாக்கலாம். அல்லது ‘குமார்ஸ் ஃபாதர்’ என்று பெயரையே மறுபடி சொல்லலாம். பெயரைத் திரும்பச் சொல்வது அழகில்லை என்று பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். தெளிவு போவதைவிட அது எவ்வளவோ தேவலை.

ஒரு மனுவைத் திருத்திப் பார்ப்போம்

குடிநீர் வரவில்லை என்று ஒரு தெருவாசிகள் எழுதிய மனு என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“எவ்ரி ரெசிடென்ட் ஆஃப் திஸ் ஸ்ட்ரீட் ஹாஸ் பெய்ட் ஹிஸ் டாக்ஸ். தி ரெசிடென்ட்ஸ் கமிட்டி ஹாஸ் சப்மிட்டட் தெயர் பெட்டிஷன் ட்வைஸ். தி ஏரியா இன்ஜினியர் மெட் தி செக்ரட்டரி, அண்ட் தே சேட் தே வுட் இன்ஸ்பெக்ட் தி பைப்ஸ். வென் ரெசிடென்ட்ஸ் கோ டு தி ஆஃபீஸ், தே டோன்ட் கிவ் யு எனி இன்ஃபர்மேஷன், அண்ட் வென் தே கிவ் தெம், தே ஆர் ராங்.”

முதல் வாக்கியம் தேர்வு இலக்கணப்படி சரி. வரி கட்டியவர்களில் பெண்களும் உண்டு என்பதால் பன்மையாக்குவோம்: “ஆல் தி ரெசிடென்ட்ஸ் ஆஃப் திஸ் ஸ்ட்ரீட் ஹேவ் பெய்ட் தெயர் டாக்ஸஸ்.” இரண்டாவதில் ‘ஹாஸ்’ ஒருமை, ஆகவே ‘இட்ஸ் பெட்டிஷன்’. இந்த ‘இட்ஸ்’ஸில் அபாஸ்ட்ரஃபி போட்டால் ‘இட் இஸ்’ என்று பொருள் மாறிவிடும், போடாதீர்கள்.

மூன்றாவதில் ‘தே’ மரியாதைப் பன்மை. சொன்னது இன்ஜினியரா, செக்ரட்டரியா, இருவருமா என்று தெரியவில்லை. இன்ஜினியர் ஒரு பெண், சொன்னதும் அவரே என்றால்: “தி ஏரியா இன்ஜினியர் மெட் தி செக்ரட்டரி அண்ட் ப்ராமிஸ்ட் டு இன்ஸ்பெக்ட் தி பைப்ஸ் ஹெர்செல்ஃப்.” இரண்டு ‘தே’யும் போய்விட்டன; வாக்குக் கொடுத்தவர் யார் என்பது ஏட்டில் பதிந்துவிட்டது. மனுவுக்கு அதுதானே முக்கியம்.

கடைசி வாக்கியத்தில்தான் வேலை அதிகம். முதல் ‘தே’ அலுவலக ஊழியர்கள். ஆனால் அவர்கள் வாக்கியத்தில் பெயராக வரவே இல்லை. பக்கத்தில் இருக்கும் பன்மை ‘ரெசிடென்ட்ஸ்’ என்பதால் தகவல் தராதது தெருவாசிகள் என்றுகூடப் படிக்கலாம். ‘யு’ இடம் மாறிய பிழை. ‘தெம்’, கடைசி ‘தே’ இரண்டும் ‘இன்ஃபர்மேஷன்’ என்ற ஒருமைக்குப் போட்டவை. ஊழியர்களைப் பெயர் சொல்லிக் கொண்டுவருவோம்: “வென் ரெசிடென்ட்ஸ் கோ டு தி ஆஃபீஸ், தி ஸ்டாஃப் டோன்ட் கிவ் தெம் எனி இன்ஃபர்மேஷன், அண்ட் வென் தே டூ கிவ் இட், இட் இஸ் ராங்.”

எண் எல்லாம் பொருந்துகிறது. ஆனாலும் ‘வென் தே’யில் விரலை வைத்துப் பாருங்கள்: இந்த வாக்கியத்தில் ‘ரெசிடென்ட்ஸ்’, ‘ஸ்டாஃப்’ என்று இரண்டு பன்மை இருக்கிறது, ‘தே’ இரண்டுக்கும் போகும். இன்னொரு முறை திருத்துவோம்: “வென் ரெசிடென்ட்ஸ் கோ டு தி ஆஃபீஸ், தி ஸ்டாஃப் டோன்ட் கிவ் தெம் எனி இன்ஃபர்மேஷன், ஆர் கிவ் தெம் இன்ஃபர்மேஷன் தட் இஸ் ராங்.” இதில் இரண்டு ‘தெம்’முக்கும் ஸ்டாஃபிடம் தகவல் கேட்டு வந்த தெருவாசிகளைத் தவிர வேறு ஆள் இல்லை. இந்த வடிவத்தில் மனுவைக் கொடுக்கலாம்.